ஏர் ஃபிரையரில் ஒரு கிண்ண ஓட்ஸ்: முதலில் கிண்ணத்தைப் பாருங்கள்

காலை ஆறு மணிக்கு என் கைப்பேசி ஒலித்தால் அது பெரும்பாலும் ஓட்ஸ் விஷயமாகத்தான் இருக்கும். "அக்கா, மேலே கருகிவிட்டது, உள்ளே மாவாகவே இருக்கிறது." "அக்கா, பிசின் மாதிரி ஒட்டுகிறது." மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயன் வீடுகளை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது இன்று ஏர் ஃபிரையர் இருக்கும். 2010இல்தான் உலகச் சந்தைக்கே வந்த சாதனம் அது. இன்று நம் ஊர்க் கடையில் இருநூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது. வாங்கியவர்கள் முதல் வாரம் கோழி பொரிக்கிறார்கள், இரண்டாவது வாரம் ஓட்ஸ் சுடுகிறார்கள், மூன்றாவது வாரம் எனக்கு அழைக்கிறார்கள்.

நான் இதைப் பழகியது என் கணவருக்காக. செம்பனை ஆலையில் அவருக்குக் காலை ஷிப்ட். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன அன்று, காலையில் ஓட்ஸ் சாப்பிடச் சொல்லித் தாதி அனுப்பினார். காய்ச்சிக் கொடுத்தேன். காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கும் கஞ்சி இது என்று தள்ளி வைத்துவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு ரொட்டி சானாய் கடைக்குப் போய்விட்டார். அதே ஓட்ஸை முட்டையும் வாழைப்பழமும் சேர்த்துச் சுட்டுக் கொடுத்தபோது, ஒரு வார்த்தை பேசாமல் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். ஆறு ஆண்டுகளாக அவருக்கு அதுதான் பசியாறல்.

முட்டை ஊற்ற மறப்பது, டைமரைத் திருப்ப மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு முறை நடந்தால் மறுமுறை நடக்காத தவறுகள் அவை. திரும்பத் திரும்பப் பார்ப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

என் அளவு இது: தட்டையாக அழுத்திய சாதா ஓட்ஸ் 40 கிராம், முட்டை 1, நன்றாகப் பழுத்த சின்ன பெராங்கான் வாழைப்பழம் 1, பால் 60 மில்லி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள 300 மில்லி கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பும். 160 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம்.

200 டிகிரி

பெட்டியைத் திறந்ததும் பல சாதனங்கள் கோழிக்கான சூட்டையே முதலில் காட்டுகின்றன. அதை மாற்றாமல் அப்படியே வைத்துவிடுகிறார்கள். ஏர் ஃபிரையரில் சூடேற்றும் கம்பி மேலே இருக்கிறது. அதன் மேலிருக்கும் விசிறி அனற்காற்றை நேராக உணவின் தலையில் இறைக்கிறது. 200 டிகிரியில் ஐந்தாறு நிமிடத்திலேயே மேல்பக்கம் ஓடு கட்டிவிடும். நடுவே இருக்கும் மாவுக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் மேலே கருகத் தொடங்கும். அடுப்புப் பெட்டிக்காக (ஓவன்) எழுதிய "180 டிகிரி, 25 நிமிடம்" என்ற குறிப்பையும் அப்படியே பின்பற்றாதீர்கள். இருபது டிகிரி குறையுங்கள். நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அப்போதே திறந்து பாருங்கள். தென்னை ஈர்க்கை நடுவில் குத்தி எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது. ஓரத்தில் குத்திப் பார்ப்பது பயனில்லை, ஓரம் எப்போதோ வெந்திருக்கும்.

கண்ணாடிக் கிண்ணம்

மற்ற எந்தத் தவறைச் செய்தாலும் ஒரு கிண்ண ஓட்ஸ்தான் வீணாகும். இந்த ஒன்று மட்டும் சாதனத்தையே கொண்டுபோய்விடும், கையையும் கிழிக்கும். பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பதினோராவது ஆள் செய்துவிட்டு வந்து நிற்கும்போது எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

நான் செய்த கதையை முதலில் சொல்கிறேன். பழக ஆரம்பித்த முதல் ஆண்டு. காலையில் நேரம் மிச்சமாகட்டும் என்று, இரவே எல்லாவற்றையும் கலந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். கல்யாணத்துக்கு வந்த ஆறு கிண்ணங்களில் ஒன்று அது. காலை ஐந்தே முக்காலுக்கு ஏர் ஃபிரையரை முன்கூட்டியே சூடாக்கி, கிண்ணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு உள்ளே வைத்தேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். கூடையை இழுத்துப் பார்த்தால் கிண்ணம் மூன்று பெரிய துண்டுகளாகவும் எண்ண முடியாத சின்னத் துண்டுகளாகவும் கிடந்தது. மாவு கூடையின் ஓட்டைகள் வழியே வழிந்து அடித்தட்டில் புகைந்துகொண்டிருந்தது. ஆறவிட்டு ஒரு மணி நேரம் சுத்தம் செய்தேன். கண்ணாடி உரசிய இடங்களில் கூடையின் ஒட்டாத பூச்சு உரிந்திருந்தது. மேலே கம்பிச் சுருளுக்குள் பொடி ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தும் உறுதியாகத் தெரியவில்லை. அதில் சுட்டதை இனி ஒருவருக்குக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. 289 வெள்ளிக்கு வாங்கிய சாதனத்தை நான்கே மாதத்தில் தூக்கிப் போட்டேன்.

இனி, மற்றவர்கள் செய்யும்போது எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று சொல்கிறேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "மைக்ரோவேவில் வைக்கலாம் என்று அடியில் போட்டிருக்கிறதே, அக்கா." போன மாதம் எங்கள் வரிசையில் புதிதாகக் குடிவந்த பெண்ணும் அதையேதான் சொன்னாள். அவளுடைய நான்கு வயது மகன் மேசைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான், அப்போதுதான் வெடித்திருக்கிறது. கூடை மூடியிருந்ததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மைக்ரோவேவ் குறி ஏர் ஃபிரையருக்குப் பொருந்தாது. மைக்ரோவேவில் சூடாவது பெரும்பாலும் உணவிலிருக்கும் ஈரம். பாத்திரம் அந்த உணவிடமிருந்துதான் சூடு வாங்குகிறது. ஈரம் உள்ளவரை அது 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. ஏர் ஃபிரையரில் 160 டிகிரிக் காற்று பாத்திரத்தின் மேலேயே நேராக அடிக்கிறது. கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். வெளிப்பக்கம் சூடேறி விரிய முயல்கிறது. உள்பக்கமோ குளிர்ந்த மாவைத் தொட்டுக்கொண்டு விரியாமல் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்போது விரிசல் விழுகிறது. இரவு முழுதும் குளிரில் இருந்த கிண்ணத்தைச் சூடான கூடையில் வைப்பது அந்த இழுவையை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்குவது.

கண்ணாடியிலும் வகை உண்டு. ஜாம் போத்தலும் சாதாரணக் குவளையும் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி. ஆய்வுக்கூடக் குடுவைகள் செய்யும் போரோசிலிக்கேட் கண்ணாடி, சூட்டில் அதைவிட மூன்றில் ஒரு பங்கு அளவே விரிகிறது. ஆகவே தாங்குகிறது. பதப்படுத்திய தடித்த கண்ணாடி இடைப்பட்டது, உடைந்தால் ஒரேயடியாகப் பொடிப்பொடியாகிவிடும். கையில் இருப்பது எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. எனவே நான் கண்ணாடியையே வேண்டாம் என்று சொல்கிறேன். அடுப்புப் பெட்டியில் வைக்கலாம் என்ற குறி தெளிவாக இருந்து, கிண்ணமும் அறைச் சூட்டில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஜாம் போத்தலுக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

பிளாஸ்டிக் டப்பாவின் அடியிலும் அதே மைக்ரோவேவ் குறி இருக்கும். அந்த டப்பாக்களில் பல பாலிபுரோப்பிலீன். அது உருகுவதே ஏறக்குறைய 160 டிகிரியில். மெலமைன் கிண்ணமும் ஆகாது.

நான் வைப்பது எவர்சில்வர் கிண்ணம். இருபது வெள்ளிக்கு நான்கு வாங்கலாம், கீழே விழுந்தாலும் கவலையில்லை. சூட்டைச் சீக்கிரம் கடத்துவதால் ஓரங்கள் பொன்னிறமாகும். இரண்டு நிமிடம் முன்னதாகவே பார்த்துவிடுங்கள். அடுப்புக்கான பீங்கான் கிண்ணமும் நல்லது, அதையும் குளிரோடு வைக்காதீர்கள். சிலிக்கோன் அச்சில் பக்கங்கள் சிவக்காது, இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும். பழைய எனாமல் குவளை சில்லுப் போகாமல் இருந்தால் சூட்டைத் தாங்கும். ஆனால் அதன் ஆழம்தான் பிரச்சினை: மாவு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் நின்றால் நடுப்பகுதி வேகாது.

பால் மங்கு

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்து, பால் வடிந்து சேரும் மங்குகளைச் சிலர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நானும் நான்கு வைத்திருக்கிறேன், பள்ளிக்குப் போகும் முன் அம்மாவோடு நிரையில் நின்று மங்கு துடைத்த கைகள் இவை. 1877இல் ரப்பர்க் கன்று நட்ட கோல கங்சார் நமக்குப் பக்கத்து ஊர். அந்த மங்குகளின் அருமை நமக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அளவும் ஒரு கிண்ண ஓட்ஸுக்குக் கச்சிதம்தான். ஒரு தம்பி அதில் சுட்டுப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். பார்த்ததும் அழைத்து, சாப்பிடாதே என்றேன். அவை மரப்பாலுக்குச் செய்தவை. பால் உறையாமலிருக்க அமோனியா விட்டார்கள். மேற்பூச்சு உணவுக்கு ஏற்றதா என்று யாரும் சோதித்துச் செய்யவில்லை. பல மங்குகளில் கண்ணுக்குத் தெரியாத கீறல் உண்டு. அவற்றை அலமாரியில் வையுங்கள், விளக்கேற்றுங்கள், செடி வையுங்கள். சமைக்க வேண்டாம்.

இரவே கலப்பது

ஓட்ஸையும் பாலையும் இரவே கலக்கலாம். பேக்கிங் பவுடரைக் காலையில்தான் சேர்க்க வேண்டும். ஈரம் பட்டவுடனே அது பொங்கத் தொடங்கிவிடுகிறது. விடியும்போது அதில் வலு குறைந்திருக்கும், ஓட்ஸும் அடைபோலப் படுத்துவிடும். காலையில் பவுடரைச் சேர்க்கும்போதே மாவை வேறு கிண்ணத்துக்கு மாற்றுங்கள், குளிர்ந்த பாத்திரம் என்ற கவலையும் தீர்ந்தது.

நம் ஊர் ஈரக்காற்றில் டின்னைத் திறந்து வைத்தால் பவுடர் சில மாதங்களிலேயே செத்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் சுடுநீரில் அரைக்கரண்டி போடுங்கள். நுரைத்துப் பொங்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

எந்த ஓட்ஸ்

உடனடி ஓட்ஸ் கூழாகும். வெட்டிய முழு ஓட்ஸ் 18 நிமிடத்தில் வேகாது. அழுத்திய சாதா ஓட்ஸ் மட்டும்.

மிக்சியில் ஓட்டுபவர்கள் பத்து விநாடியில் நிறுத்திவிடுங்கள். ஓட்ஸிலிருக்கும் பீட்டா குளூக்கன் என்ற நார்ப்பொருள் தண்ணீரோடு சேர்ந்தால் வழுவழுப்பாகும். இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்று மருத்துவர்கள் ஓட்ஸைச் சொல்வதும் அந்த நாருக்காகத்தான். அதிகம் அரைத்தால் அதுவும் மாவுச்சத்தும் முழுதாக வெளியே வந்து பிசினாகிவிடுகின்றன. என் கணவருக்கு மென்று சாப்பிட ஏதாவது வேண்டும். ஆகவே நான் அரைப்பதே இல்லை. வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்துக் கலந்து, ஐந்து நிமிடம் ஊறவிடுகிறேன்.

காகிதம்

கூடையில் விரிக்கும் காகிதத்தைக் கிண்ணத்தின் பாரம் இல்லாமல் தனியாக உள்ளே வைத்துச் சூடாக்காதீர்கள். விசிறி அதைக் கம்பிக்குத் தூக்கிவிடும், தீப்பிடிக்கும்.

தண்ணீர் காய்ச்சும் கெத்தலோடு ஒரே செருகியில்

வேண்டாம். 1500 வாட் ஏர் ஃபிரையரும் 2000 வாட் கெத்தலும் சேர்ந்தால் 13 ஆம்பியர் செருகி தாங்கக்கூடிய அளவை மீறிவிடும்.

டின் பால்

சர்க்கரைக்காக ஓட்ஸுக்கு மாறியவர்கள், இனிக்கவில்லை என்று மூன்று மேசைக்கரண்டி டின் பால் ஊற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது. கெட்டிப்படுத்திய இனிப்புப் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனிதான். 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதிலும் நம் இந்தியச் சமூகம்தான் முன்னணியில் நின்றது. மைலோத் தூள், கூலா மலாக்கா (பனைவகைச் சர்க்கரை), காயா (தேங்காய்ப்பால் ஜாம்) எல்லாம் இதே கணக்குதான். கூலா மலாக்கா இயற்கையானது, ஆகவே ஒன்றும் செய்யாது என்று சொல்பவர்களிடம் நான் விடாமல் வாதாடுகிறேன்: அதுவும் சீனிதான். தோல் கறுக்கும்வரை பழுத்த பெராங்கானும், கொஞ்சம் ஏலக்காயும், பாலில் போட்டு எடுத்த பாண்டான் இலையின் மணமும் போதும். வாழைப்பழத்திலும் சீனி உண்டு, ஆகவே ஒன்றுக்கு மேல் போடாதீர்கள். முதல் வாரம் என் கணவர் முகம் சுளித்தார். மூன்றாவது வாரத்தில் பழகிவிட்டது.

எடுத்தவுடன் சாப்பிடுவது

மணி அடித்ததும் கிண்ணத்தை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விடுங்கள். உள்ளே இன்னும் வெந்துகொண்டுதான் இருக்கும். அதற்குள் கரண்டி போட்டால் நடுப்பகுதி குழைவாகத் தெரியும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைப்பீர்கள், அப்போது வறண்டு போகும். எங்கள் வீட்டில் 5.40க்கு வைக்கிறேன், 5.57க்கு எடுக்கிறேன். அவர் சட்டை மாட்டிக்கொண்டு, ஆலைக் காலணியின் கயிற்றைக் கட்டி முடித்து வந்து உட்காரும்போது மணி 6.02.