கிரவல் கிடங்கில் பார்த்தீனியம்: புல்வெட்டும் மெசினை வீட்டிலேயே வையுங்கள்

எங்கட காணி வவுனியாவில், ஓமந்தைப் பக்கம். றோட்டு வேலைக்குக் கிரவல் (சரளை மண்) அள்ளியதில் கால் ஏக்கர் கிடங்காகிவிட்டது. மேல்மண் போன இடத்தில் என்ன முளைக்கப்போகிறது என்று இருந்தேன். முதல் மாரியிலேயே பார்த்தீனியம் என்ற களை இடுப்பளவுக்கு நின்றது. மூன்று மாரி அதோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1. குட்டியில் பிடியுங்கள்

பூத்து நிற்கும் செடி வன்னியில் எல்லோருக்கும் தெரியும். குட்டிதான் ஏமாற்றும். நிலத்தோடு ஒட்டி, கரட் இலை மாதிரி வட்டமாக விரிந்து கிடக்கும். முளைத்து நாலிலிருந்து ஆறு கிழமைக்குள் பூத்துவிடும். ஆகவே மழை தொடங்கினால் மூன்று கிழமைக்கு ஒருமுறை கிடங்கைச் சுற்றி வாருங்கள்.

2. வெட்டாதீர்கள், பிடுங்குங்கள்

நான் வழுக்கியது இங்கேதான். புல்வெட்டும் மெசினை வாடகைக்கு எடுத்து ஒரே பகலில் மொட்டையடித்தேன். இரண்டு கிழமையில் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் நாலைந்து கிளை. போதாததற்கு, பூத்திருந்த செடிகளின் விதையை மெசினே காணி முழுக்க வீசிவிட்டது. ஒரு வெள்ளைப் பூவைக் கிட்டப் பாருங்கள்: ஐந்து மூலை இருக்கும், மூலைக்கு ஒரு விதை. இப்படி ஒரு பெரிய செடியில் பதினையாயிரத்துக்கு மேல் விதை.

கிரவல் காய்ந்தால் சீமெந்து மாதிரி. அப்போது இழுத்தால் தண்டும் வேரும் சேரும் கழுத்தில் முறிந்து வேர் உள்ளே நிற்கும், திரும்பவும் தளிர்க்கும். மழை பெய்த மறுநாள் காலை போங்கள். அலவாங்கு வேண்டாம். அது கிரவலைக் கிளறி, அடியில் கிடக்கும் விதையையும் மேலே கொண்டுவரும். ஒரு அடி நீளப் பழைய ஸ்குரூ டிரைவர்தான் என் ஆயுதம். வேரோடு ஒட்டி இறக்கி ஒரு நெம்பு நெம்பிவிட்டு, அடிக்கழுத்தில் பிடித்து இழுத்தால் வெள்ளை ஆணிவேர் முழுசாக வரும். நுனி முறிந்திருந்தால் பரவாயில்லை, கழுத்து வந்திருக்க வேண்டும்.

கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்குத் துணி கட்டாயம். (பின்சேர்ப்பு: கையுறை போட்டும் கழுத்தெல்லாம் கடிக்கிறது என்று ஒரு தம்பி கருத்தில் எழுதியிருந்தார். வேலை செய்த உடுப்போடு வீட்டுக்குள் போயிருக்கிறார். வாசலிலேயே கழற்றிப் புறம்பாகத் தோயுங்கள். இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம்.)

3. பிடுங்கியதை என்ன செய்வது

பூக்காததை அங்கேயே வேர் மேலே தெரியப் போட்டால் வெயிலில் செத்துவிடும். பூத்ததை உரப்பையில் கட்டிக் காயவிட்டு, கிடங்கு மூலையில் எரியுங்கள், புகை படாமல் நில்லுங்கள். கூட்டெருவில் போடவே கூடாது.

4. கைக்கு எட்டாத இடத்துக்கு உப்பு

செங்குத்து ஓரங்களுக்கு மட்டும். 16 லீற்றர் மருந்தடிக்கும் தாங்கிக்கு 3 கிலோ உப்பு. கரைத்து வடிகட்டாவிட்டால் முனை அடைக்கும். நல்ல வெயிலில் இலை நனைய அடியுங்கள். முழுக் கிடங்குக்கும் அடிக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். உப்பு மண்ணில் தங்கும், கிணற்றடியில் கேட்கவே வேண்டாம். என் தேசிக்கன்று ஒன்று அப்படித்தான் போனது.

5. வெறுமையாக விடாதீர்கள்

புரட்டாதியில் ஊசித்தகரை விதையைக் குறுமணலோடு சாக்கில் போட்டுத் தேய்த்து, முதல் மழைக்கு முன் தூவினேன். தேய்க்காவிட்டால் பாதி முளைக்காது. தகரை அடர்ந்த இடத்தில் பார்த்தீனியம் மெலிந்துதான் வந்தது. இளந்தளிர் வறைக்கும் ஆகும், உப்படித்த பக்கம் பறிக்காதீர்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துக்கே உரியது. கிடங்கு ஓரத்தில் துருப்பிடித்த இரும்பு எது தெரிந்தாலும், சண்டைக் காலத்து வெடிபொருளாக இருக்கலாம், கை வைக்காமல், வந்த வழியே திரும்பிப் போய்ப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

பிந்திய சேர்ப்பு: வீட்டு அத்திவாரத்துக்குக் கிரவல் கொண்டுவந்து கொட்டிய ஒரு அக்காவின் வளவில் இப்போது இதே செடி. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இது தீங்கு தரும் களை, ஆனால் விதையைக் காவிவரும் டிப்பர் டயருக்குச் சட்டம் தெரியாது. இப்போது எங்கள் கிடங்கில் பூத்த பக்கத்தால் வாகனம் விடுவதில்லை. கிரவல் வாங்குபவர்கள் ஏற்றும் இடத்தை ஒருதரம் நேரில் பாருங்கள். கொட்டிய குவியலை முதல் மழைக்குப் பிறகு மூன்று கிழமை கண்ணில் வைத்திருங்கள்.