ஏஜெண்ட் கையில் மியூசிக் பிளேயர்: டூல் விளக்கம் எழுதுவது எப்படி?

போன மாதம் ஒருநாள் ராத்திரி பதினொன்றரை மணி. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஏஜெண்ட்டிடம் (சொன்ன வேலையைச் செய்துமுடிக்கும் ஏஐ உதவியாளர்) "சத்தத்தை 30 ஆக்கு" என்று டைப் அடித்தேன். அடுத்த நொடி ஸ்பீக்கர் அலறியது, பாப்பா எழுந்துவிட்டாள், அதற்குப் பிறகு வீட்டில் யாரும் தூங்கவில்லை. புரோகிராம் கோடு சரியாகத்தான் இருந்தது. டூலுக்கு, அதாவது ஏஜெண்ட் கூப்பிட்டுப் பயன்படுத்தும் செயலுக்கு, நான் எழுதிய விளக்கத்தில்தான் ஒரு வரி குறைந்திருந்தது.

என்னிடம் இருப்பது லினக்ஸ், பிளேயர்சிடிஎல் (டெர்மினலிலிருந்து மியூசிக் பிளேயரை இயக்கும் கருவி), பைத்தானில் ஒரு குட்டி எம்சிபி சர்வர் (டூல்களை ஏஜெண்ட்டுக்குக் கொடுக்கும் புரோகிராம்). இன்ஸ்டால் செய்வதை விட்டுவிடுகிறேன், அதற்கு நிறையப் பதிவுகள் இருக்கின்றன. கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் கையால் ஓட்டிப் பாருங்கள்

ப்ளே, பாஸ், நெக்ஸ்ட், ப்ரீவியஸ், பொசிஷன், வால்யூம், ஸ்டேட்டஸ் என ஒவ்வொன்றையும் அடித்து, என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "ப்ரீவியஸ்" அடித்தால் பல பிளேயர்கள் முந்தைய பாட்டுக்குப் போகாது. ஓடுகிற பாட்டையே முதலிலிருந்து தொடங்கும். இதையெல்லாம் பார்க்காமல் விளக்கம் எழுத உட்கார வேண்டாம்.

படி 2: ஒரு வேலைக்கு ஒரு டூல்

"ப்ளே-பாஸ்" என்ற மாற்றுப் பொத்தான் மனிதர்களுக்கு வசதி. ஏஜெண்ட்டுக்குக் கொடுக்காதீர்கள். பதில் வரத் தாமதமானால் அது இன்னொரு முறை கூப்பிடும், ஓட ஆரம்பித்த பாட்டு நின்றுவிடும். ப்ளே தனி, பாஸ் தனி என்று வைத்தால் பத்து முறை கூப்பிட்டாலும் விளைவு ஒன்றுதான்.

படி 3: வால்யூம் (நான் மாட்டிய இடம்)

இதற்கு முன் வருஷக்கணக்காக எம்பிடி என்ற பிளேயரை வைத்திருந்தேன். அதை இயக்கும் எம்பிசியில் வால்யூம் 0 முதல் 100 வரை. பிளேயர்சிடிஎல்லில் 0.0 முதல் 1.0 வரை. அதாவது 30 சதவீதத்துக்கு 0.3 கொடுக்க வேண்டும். நான் எழுதியிருந்த விளக்கம் இவ்வளவுதான்: "பாட்டின் சத்தத்தை மாற்றும்." நான் 30 என்றேன், ஏஜெண்ட்டும் 30 என்றே அனுப்பியது. பிளேயர் அதை உச்ச அளவாக எடுத்துக்கொண்டது. ஏஜெண்ட்டைக் குறை சொல்ல முடியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வரிதான்.

இப்போது இருப்பது இது:

"பாட்டின் சத்தத்தை மாற்றும். 'அளவு' 0 முதல் 100 வரை முழு எண். 0 வைத்தாலும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும், நிறுத்த 'பாஸ்' டூலைப் பயன்படுத்தவும். எண் சொல்லாமல் 'கொஞ்சம் குறை' என்றால், முதலில் 'ஸ்டேட்டஸ்' பார்த்து, இருப்பதிலிருந்து 10 குறைக்கவும். எண் சொல்லாதவரை 70ஐத் தாண்ட வேண்டாம். இது பிளேயரின் சத்தம் மட்டும், கணினியின் மொத்தச் சத்தம் அல்ல."

நூறால் வகுக்கும் வேலையைக் கோடுக்குள் வைத்துவிட்டேன். ஜேசன் ஸ்கீமாவில் (டூலுக்கு என்ன மதிப்பு வரலாம் என்று சொல்லும் பகுதி) மினிமம் 0, மேக்ஸிமம் 100 என்றும் போட்டேன், சர்வரிலும் ஒருமுறை சரிபார்க்கிறேன். விளக்கத்தை மட்டும் நம்பி ராத்திரியில் பாட்டுப் போட எனக்குத் தைரியமில்லை.

விளக்கம் தமிழிலேயே இருக்கலாம், எனக்கு நன்றாக ஓடுகிறது. டூலின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். பல கிளையண்ட்கள் (ஏஜெண்ட் ஓடும் ஆப்கள்) பெயரில் வேறு எழுத்துகளை ஏற்பதில்லை.

படி 4: என்ன திரும்பி வரும் என்றும் எழுதுங்கள்

"சரி" என்று மட்டும் பதில் வந்தால் ஏஜெண்ட் மீதியைத் தானே கற்பனை செய்துகொள்ளும். ஒவ்வொரு டூலும் பாட்டின் பெயர், ஓடுகிறதா நிற்கிறதா, வால்யூம் மூன்றையும் திருப்பித் தரட்டும். "நெக்ஸ்ட்" அடித்த உடனே கேட்டால் சில சமயம் பழைய பாட்டின் பெயரே வரும். அரை விநாடி பொறுத்துக் கேட்கிறேன். பிளேயரே திறந்திருக்காவிட்டால், "எந்தப் பிளேயரும் ஓடவில்லை, பயனரைத் திறக்கச் சொல்லவும், மீண்டும் முயல வேண்டாம்" என்பதே பதில். கடைசி மூன்று சொற்களைச் சேர்க்கும்வரை அது ப்ளே, ப்ளே என்று தட்டிக்கொண்டே இருந்தது.

பின்சேர்க்கை 1: "பாட்டை நிறுத்தச் சொன்னால் பிரவுசரில் ஓடும் வீடியோ நிற்கிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். பிரவுசரும் ஒரு பிளேயராகவே பட்டியலில் வரும். பிளேயரின் பெயரை '-பி' ஆப்ஷனில் கொடுத்துவிடுங்கள். கடைசியாகப் பயன்படுத்திய பிளேயரே போதும் என்றால் அதைக் கவனித்துவைக்கும் பிளேயர்சிடிஎல்டி என்ற பின்னணிப் புரோகிராமை ஓடவிடலாம். எனக்குப் பெயர் சொல்வதுதான் பிடிக்கும்.

பின்சேர்க்கை 2: இன்னொருவரின் ஏஜெண்ட், நாலு நிமிஷப் பாட்டு முடிய ஏழரை வருஷம் ஆகும் என்றதாம்! சனி பகவான் வேலை இல்லை. "பொசிஷன்" விநாடியில் வரும், மெட்டாடேட்டாவில் (பாட்டைப் பற்றிய விவரங்களில்) உள்ள பாட்டின் நீளமோ மைக்ரோவிநாடியில் வரும். 24,00,00,000 என்பதை விநாடி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு அங்கேதான் போய் நிற்கும். பத்து லட்சத்தால் வகுத்து, "நீளம், விநாடியில்" என்று பெயரிலேயே போட்டுவிடுங்கள்.