கின்டாமாவை மூண்டாவதில தொடங்குங்கோ

கொக்குவில் சித்தியின்ர மகன் போன மாதம் போன் எடுத்தான். "அக்கா, நீங்க சொன்ன அந்த விசர்க் கார்ட்டூனை ரெண்டு எபிசோட் பாத்தன். ஒரு கோதாரியும் விளங்கேல்லை."

பிழை அவனில இல்லை. கின்டாமா ஒரு ஜப்பான் படக்கதையை வைச்சு எடுத்த அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர். அதின்ர முதல் ரெண்டு எபிசோடும் படக்கதையில இல்லை, அனிமேக்கெண்டே புதுசாச் செய்தது. பிறகு வரவேண்டிய ஆக்கள் முழுப்பேரும் ஒரே அடியா வந்து கூத்தடிப்பினம். ஆரெண்டு தெரியாத கலியாண வீட்டுக்குள்ள பூந்த மாதிரி இருக்கும். மூண்டாவதில தொடங்குங்கோ.

அதுக்கு முதல் ஒண்டு தெரிஞ்சால் காணும். 1853இல அமெரிக்காவின்ர கறுப்புக் கப்பல்கள் வந்து ஜப்பானை மிரட்டினது சரித்திரம். இந்தக் கதையில கப்பலுக்குப் பதிலா வேற்றுக் கிரகத்து ஆக்கள் வந்து இறங்குகினம். சாமுராய்களிட்ட வாளைப் பறிச்சாச்சு. எடோவில, அதுதான் இப்பத்தைய டோக்கியோவில, கிமோனோ கட்டினவன் ஸ்கூட்டர் ஓட, மேல விண்கப்பல் போகும். ஏனெண்டு கேக்காதேங்கோ. கின்டோகி எண்ட பழைய சாமுராய், வீட்டு வாடகை குடுக்காமல், மரவாளோட, ஆர் என்ன வேலை தந்தாலும் செய்வன் எண்டு இருக்கிறான். மூண்டாவதில அவனுக்குக் கோவம் வாறதே தன்ர பார்ஃபே கொட்டுண்டதுக்குத்தான். நல்லூரடியில உயரக் கிளாசில ஐஸ்கிறீம் தருவினமே, அப்பிடி ஒண்டு.

எல்லாப் பகிடியும் விளங்கவேணுமெண்டு நிக்காதேங்கோ. கின்டோகியின்ர பழைய கூட்டாளி கட்சுராவை ஆரும் "ஸூரா" எண்டால் உடன "ஸூரா இல்லை, கட்சுரா" எண்டு திருத்துவான். ஸூரா எண்டால் பேச்சு வழக்கில பொய்முடி. அது தெரியாட்டிலும் பத்தாந்தரம் சிரிப்பு வரும். பேருகளும் சும்மா இல்லை. 1860களில உண்மையா இருந்த ஹிஜிகாட்டா தொஷிசோ எண்ட படைத் துணைத்தலைவர் இங்க தொஷிரோ ஆகி, சோத்துக்கு மேல மயோனைஸைக் குவிச்சுத் தின்னுறார். சங்கிலியனை வைச்சு ஆரும் இப்பிடிச் செய்தால் எங்கட ஊரில கல்லெறி விழும்.

அம்மா குசினியில நிக்கேக்க ஹெட்போன் போடுங்கோ. அரைவாசி கக்கூஸ் பகிடி.

மொத்தம் 367 எபிசோட். அலுத்தால் இடையில தாண்டுங்கோ, ஆனால் 58இல இருந்து 61 வரை தாண்டவே கூடாது. பெனிசகுரா எண்ட வாளின்ர கதை அது. கோயில் திருவிழாவில விடிய விடிய நடக்கிற அரிச்சந்திரா நாடகத்தில பபூன் வந்து சிரிக்க வைச்சிட்டுப் போவான், பிறகு சந்திரமதி அழுவா. இதில பபூனும் அரிச்சந்திரனும் ஒரே ஆள். அம்பதுக்கு மேல எபிசோட் மூக்குத் தோண்டிக்கொண்டு கிடந்தவன் ஆருக்காக எழும்புறான் எண்டு பாக்கேக்கதான், அவ்வளவு பம்பலும் ஏனெண்டு விளங்கும். அதால 58ஐ மட்டும் தனியத் தேடிப் பாக்கிறது வேலைக்காகாது. அவனோட கொஞ்சநாள் சும்மா இருந்திருக்கவேணும்.

தம்பி இப்ப 60இல நிக்கிறான். நேற்றுப் போன் எடுத்தன், எடுக்கேல்லை. இரவு பதினொண்டுக்கு ஒரு மெசேஜ் வந்தது: "அக்கா, பிறகு கதைக்கிறன்."