ஓவியத்தில் மனித உருவத்தை ரசிப்பது எப்படி? பாதத்திலிருந்து தொடங்குங்கள்

ஓவியம் என்றால் நான் முதலில் முகத்தைத்தான் பார்ப்பேன். கண் அழகாக இருக்கிறதா, சிரிப்பு தெரிகிறதா, அவ்வளவுதான். அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். பல வருடம் இப்படியே போனது.

ஒருநாள் ரவிவர்மாவின் சகுந்தலையைப் பார்த்து வரைய உட்கார்ந்தேன். காலில் முள் தைத்ததுபோல நின்றுகொண்டு துஷ்யந்தனைத் திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் படம். முகம் ஓரளவு வந்துவிட்டது. உருவம் மட்டும் பக்கவாட்டில் சரிந்து விழப்போவது போலவே இருந்தது. மூன்று தடவை அழித்து வரைந்தும் அதே கதைதான். அவள் உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. அன்றிலிருந்து நான் படம் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்களுக்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தேவையானவை

படத்தின் அச்சுப் பிரதி ஒன்று (ஏ4 அளவு போதும்), ட்ரேசிங் பேப்பர், 2பி பென்சில், ஒரு முழம் நூல், அதன் நுனியில் கட்ட ஒரு சாவி. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரிதான் இதுவும்.

போன் திரையில் பார்க்காதீர்கள். விரல் பட்டதும் படம் பெரிதாகும், நீங்கள் மறுபடி முகத்துக்குள் போய்விடுவீர்கள். கட்டம் போட்டுத் தரும் ஆப்களும் எனக்குப் பிடிக்காது. அவை அளவைச் சொல்லும், உருவம் எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லாது.

படி 1: முகத்தை மூடுங்கள்

ஒரு துண்டுக் காகிதத்தால் தலையை மறைத்துவிடுங்கள். கடைசிப் படி வரை எடுக்கக் கூடாது.

படி 2: பாரம் எங்கே?

நான் தடுக்கி விழுந்த இடம் இது. நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் படத்தை விட்டுவிட்டு, ரேஷன் கடை வரிசையை நினைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் நின்றவர் யாரும் இரண்டு காலிலும் சமமாக நிற்பதில்லை. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்றதைத் தளர்த்தி வைத்திருப்பார். பாரம் தாங்கும் பக்கம் இடுப்பு மேலே ஏறும். பெரும்பாலும் அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் அம்மாவிடம் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

இப்போது படத்தைச் சுவரில் நேராக ஒட்டி, தொண்டைக்குழியிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். ஒரே காலில் பாரம் போட்டு, எதிலும் சாயாமல் நிற்கும் உருவமாக இருந்தால், நூல் அந்தப் பாதத்தின் மேலோ அதை ஒட்டியோ விழும். விலகி விழுந்தால் அந்த உருவம் நகர்கிறது, அல்லது எதையோ பிடித்திருக்கிறது. எதை என்று தேடுங்கள்.

சகுந்தலைக்கு ஒரு கால் தரையில் இல்லை, அவள் கை தோழியின் தோளில் இருக்கிறது. உங்கள் உள்ளங்கையால் தோழியை மறைத்துப் பாருங்கள். நான் வரைந்த படம் ஏன் விழப்பார்த்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தோழியைப் பிறகு வரையலாம் என்று விட்டிருந்தேன்.

ஓவியம் இல்லையென்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், இருக்கிறார். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனி. ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு, கையை மடக்கிக் காளைமேல் ஊன்றி நிற்கிறார். காளை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கையையும் இடுப்பையும் பார்த்தால் காளையின் முதுகு எவ்வளவு உயரம் என்றுகூடச் சொல்லிவிடலாம். சுற்றிவந்து பாருங்கள். பாரம் என்றால் என்ன என்பதை எனக்கு அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டியதில்லை.

படி 3: இரண்டு கோடுகள்

ட்ரேசிங் பேப்பரைப் படத்தின்மேல் வைத்து, தோள்களை இணைத்து ஒரு கோடு, இடுப்பின் இரு பக்கங்களை இணைத்து ஒரு கோடு போடுங்கள். இரண்டும் கிடையாக இருந்தால் நம் சிற்பிகள் சமபங்கம் என்பார்கள். லேசான வளைவு அபங்கம். தலை, மார்பு, இடுப்பு மூன்றும் மாறி மாறிச் சாய்ந்தால் திரிபங்கம்.

பலர் இங்கே அளவெடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உடம்பு தலையைப்போல எட்டு மடங்கு இருக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, இல்லையென்றால் தப்பு என்கிறார்கள். அது ஒரு மரபின் கணக்கு. நம் சிற்ப மரபில் முகத்தின் நீளத்தை ஒரு தாலமாக வைத்து எண்ணும் தாலக் கணக்கு வேறு. உத்தம தசதாலம் (பத்துத் தாலம்) என்றால் 124 அங்குலம் (இன்ச் அல்ல, உருவத்தின் உயரத்தைப் பிரித்த ஒரு பங்கு), பிள்ளையாருக்குப் பஞ்சதாலம் (ஐந்து தாலம்). யாரை வரைகிறோமோ அதற்கேற்ப அளவு மாறும். எந்தக் கணக்கில் போட்டது என்று தெரியாமல் குறை சொல்லாதீர்கள்.

படி 4: அதேபோல நின்று பாருங்கள்

கண்ணாடி முன்னால் நின்று அந்த நிலையை உங்கள் உடம்பில் கொண்டுவாருங்கள். எங்கே வலிக்கிறது, எங்கே இழுக்கிறது என்று கவனியுங்கள். சகுந்தலையைப்போல நின்றபோது எனக்குக் கழுத்துதான் இழுத்தது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. நிஜமாக முள் குத்தினால் நாம் காலைத்தான் பார்ப்போம். அவள் கை காலுக்குப் போகிறது, தலை எதிர்ப்பக்கம் திரும்புகிறது.

படி 5: முகத்தைத் திறங்கள்

இப்போது காகிதத்தை எடுங்கள். உடம்பு சொன்னதோடு முகம் ஒத்துப்போகிறதா, மறுக்கிறதா என்று பாருங்கள். நான் நூறு தடவை பார்த்த படம்தான், அன்று அந்தப் பார்வை வேறாக இருந்தது.

பத்திரிகைப் படங்களிலும் இதைப் பழகலாம். கோபுலுவின் (1924–2015) வசனமில்லாத நகைச்சுவைப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தை மூடிவிட்டு, யார் அதிகாரம் செய்கிறார், யார் அடங்கி நிற்கிறார் என்று முதுகை வைத்தே சொல்லிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: பாதமே தெரியாத படத்துக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, எனக்குத் தோன்றவில்லை. அஜந்தா முதல் குகையின் பத்மபாணி (தாமரை ஏந்திய போதிசத்துவர்) அப்படித்தான், புத்தகங்களில் பெரும்பாலும் இடுப்பு வரைதான் அச்சிடுகிறார்கள். அங்கே படி 3இலிருந்து தொடங்குங்கள். எந்தப் பக்க இடுப்பு ஏறியிருக்கிறதோ, பாரம் அந்தக் காலில்.

பின்சேர்க்கை 2: சித்தன்னவாசல் குகைக்கோயிலுக்குப் போய்வந்த ஒரு வாசகி, தூணில் உள்ள நடனப் பெண்கள் சரியாகத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டிருந்தார். 9ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், நிறையவே உதிர்ந்துவிட்டன. வெயிலிலிருந்து நேராக உள்ளே போனதும் பார்க்காதீர்கள். கண் பழகும்வரை ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பிறகு வண்ணத்தைத் தேடாமல், நீட்டிய கையின் கோட்டை மட்டும் பிடியுங்கள். அங்கிருந்து தோள், தோளிலிருந்து இடுப்பு. நூலும் சாவியும் அங்கே வேண்டாம், தூணின் பக்கத்திலேயே போகாதீர்கள். தள்ளி நின்று பென்சிலைக் கண்ணுக்கு நேராகச் செங்குத்தாகப் பிடித்தாலே போதும்.