சென்னை டூ லண்டன்: தூரமும் நேரமும் நீங்களே கணக்கு போடுறது எப்படி

டிக்கெட்ல இருக்குற ரெண்டு டைமையும் அப்படியே கழிச்சுப் பாக்காதீங்க, நெறைய பேர் இங்கதான் குழம்புறாங்க. கெளம்புற டைம் கெளம்புற ஊரோடது, எறங்குற டைம் எறங்குற ஊரோடது. சென்னைல காலைல 5.30க்கு கெளம்பி லண்டன்ல 11.30க்கு எறங்கும்னு போட்டிருந்தா ஆறு மணி நேரப் பயணம் இல்ல, ஜூலைல லண்டன் நம்மளவிட நாலரை மணி நேரம் பின்னாடி, அதையும் கூட்டுனா பத்தரை மணி நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறுல இருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் அந்த வித்தியாசம் அஞ்சரை ஆயிடும். திரும்பி வர்றப்ப கூட்டக் கூடாது, கழிக்கணும்.

இப்ப தூரம். சுவத்துல மாட்டுற மேப்ல ஸ்கேல் வெச்சு அளந்தா தப்பாதான் வரும், பூமி உருண்டை, விமானம் அந்த வளைவுலதான் குறுக்கு வழி புடிக்கும். கூகுள் எர்த்ல ரூலர் எடுத்து ரெண்டு ஏர்போர்ட்டையும் தொட்டா போதும், சென்னை–ஹீத்ரோ 8,200 கிலோமீட்டர் சொச்சம் காட்டும். அதை 880ஆல (விமானம் மணிக்குச் சுமாரா அத்தனை கிலோமீட்டர் போகும்) வகுத்து, ஏறி எறங்க, ரன்வேக்கு உருண்டு போகன்னு ஒரு அரை மணி நேரம் சேத்தா பத்து மணி நேரம் பக்கமா வரும்.

ஆனா போறப்ப பெரும்பாலும் இதைவிட ஜாஸ்திதான் ஆகும். காரணம் ஜெட் ஸ்ட்ரீம், விமானம் பறக்குற உயரத்துல மேற்குல இருந்து கிழக்கால ஓடுற காத்து, போறப்ப எதுத்து நிக்கும், வர்றப்ப முதுகுல தள்ளும், சீட் முன்னாடி ஸ்கிரீன்ல கிரவுண்ட் ஸ்பீடு, அதாவது தரைக்கு மேல விமானம் நெஜமா நகர்ற வேகம், பாத்தா இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். 2020 பிப்ரவரில பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒண்ணு நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்துச்சு, அதே காத்துதான். அதோட, சண்டை நடக்குற நாடுகளோட வான்வெளியைச் சுத்திப் போகணும்னா அதுக்கும் தனியா நேரம் புடிக்கும்.

கனெக்டிங் டிக்கெட் எடுக்குறவங்க இதைக் கண்டிப்பா பாருங்க: துபாய் வழியா போனா மொத்தம் சுமார் 8,400 கிலோமீட்டர், நேராப் போறதுக்கும் இதுக்கும் 200தான் வித்தியாசம், நேரத்தைத் திங்குறது அங்க காத்திருக்குறதுதான். அதே சிங்கப்பூர் வழின்னா எதிர்த்திசைல 2,900 போயிட்டு, அங்கிருந்து 10,900 பறக்கணும். வெல கம்மியா இருக்கேன்னு வயசானவங்களுக்கு இதைப் போட்டுடாதீங்க ப்ளீஸ், கால் வீங்கிப் போயிடும்.

கடைசியா விமானம் எங்க போகுதுன்னு காட்டுற ஃப்ளைட்ரேடார்24 சைட்ல உங்க ஃப்ளைட் நம்பரைப் போட்டு போன வாரம் நெஜமா எத்தனை மணிக்கு எறங்குச்சுன்னு பாருங்க, கூப்பிட வர்றவங்களுக்கு அந்த டைமைச் சொல்லுங்க, இமிகிரேஷன், லக்கேஜுக்கு இன்னொரு ஒரு மணி நேரம் சேத்து.