எஞ்சின் ஆயிலின் வெப்பத்தைக் கவனிக்கும் முறை
தஞ்சாவூரிலிருந்து பூம்புகாருக்குச் சித்திரை வெயிலில் செல்லும்போது, காற்றால் குளிரும் பைக் எஞ்சின் நெடுஞ்சாலையில் ஓடுவதைவிடக் கும்பகோணத்துக் கடைத்தெருவில் ஊர்ந்து நிற்கையில்தான் அதிகம் சூடேறுகிறது. ஆயில் ஊற்றும் மூடிக்குப் பதிலாகத் திருகிப் பொருத்தும் வெப்பமானி எளிய வழி. ஆயினும் அதன் திருகு மரையும் ஆயிலுக்குள் இறங்கும் தண்டின் நீளமும் உங்கள் வண்டிக்குரியவையாக இல்லாவிட்டால், தண்டு உள்ளே சுழலும் பாகங்களில் உரசிவிடும்.

சீராக ஓடுகையில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை பெரும்பாலும் இயல்பானதே. முள் 130-ஐத் தாண்டினால் நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். நின்ற வண்டியை ஐடிலில் ஓடவிட்டால், ஃபின்களின் (எஞ்சினைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளின்) மீது காற்று படாததால் சூடு மேலும் ஏறும். வழக்கமான பாதையில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துவைப்பது, என் பார்வையில், எந்தப் பொது அளவையும்விட நம்பத்தக்கது. அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் ஃபின்களிலோ சைலன்சரிலோ சிக்கியிருந்தால், எஞ்சினை அணைத்து உடனே அகற்றுங்கள்.