தலைக்குருத்து கருகும் பைனுக்குப் போரான்

நியூசிலாந்தின் நெல்சன் பகுதியில், மூட்டேரே சரளை மண்ணில் வளரும் ரேடியாட்டா பைன் தோட்டங்களில்தான் எனக்கு வேலை. கோடை வறட்சி முடிந்ததும் முதலில் மரத்தின் உச்சியைப் பாருங்கள். தலைக்குருத்து கருகி வளைந்திருந்தால் போரான் என்னும் நுண்ணூட்டச் சத்து குறைவாக இருக்கலாம். குருத்தை நெடுக்காகப் பிளந்து பாருங்கள், நடுத்தக்கை பழுப்பேறியிருக்கும். ஊசியிலையின் நுனி மட்டும் பொன்மஞ்சளாகி அடி பச்சையாக இருந்தால் அது வேறு, மக்னீசியக் குறைவு.

கண்ணை மட்டும் நம்பி உரம் போடாதீர்கள். இங்கே கோடை முடியும் பிப்ரவரி, மார்ச்சில் மேற்கிளைகளிலிருந்து அவ்வாண்டு ஊசியிலைகளைப் பறித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். போரான் 8 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் எட்டுப் பங்குக்கு) கீழே என்றால் தாமதம் வேண்டாம். மெதுவாகக் கரையும் யூலெக்சைட் என்ற போரான் கனிம உரம் நல்லது. ஆனால் அளவு மிஞ்சினால் போரானே நஞ்சு. ஒருமுறை கன்றுகளின் வேரடியிலேயே குவித்துவிட்டேன், ஊசிநுனிகள் கருகின. அந்த வரிசையைக் கடக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளியே தூவுங்கள்.